ஹம்பிக்கு ட்ரிப் பிளானா? அந்த ஊர்க்காரங்க எங்கே போனாங்கன்னும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க!

ஜிபே காலத்துல பர்ஸ்ல பணம் வெச்சிருக்கவங்க கம்மிதான். ஆனாலும் எங்கேயாவது ஒரு புது 50 ரூபாய் நோட்டு கையில கிடைச்சா, திருப்பிப் பாருங்க. பின்பக்கம் ஒரு கல்தேர் இருக்கும். அதுதான் ஹம்பி. உங்க இன்ஸ்டா ஃபீட்லயும் அந்தத் தேர் அடிக்கடி வந்துபோயிருக்கும். சூரிய உதயத்துல ஒரு ட்ரோன் ஷாட், பாறை மேல உட்கார்ந்து ஒரு பேக் போஸ், பரிசல்ல சுத்துற ஒரு ரீல்.

பெங்களூருல வேலை பார்க்கிற நம்ம பசங்களுக்கு இது ரொம்ப ஈஸியான வீக்எண்ட். வெள்ளிக்கிழமை ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ் ஏறினா, சனிக்கிழமை காலையில ஹொசபேட்டே. அங்கேயிருந்து ஆட்டோவுலயோ பஸ்லயோ 13 கிலோமீட்டர் போனா, ஹம்பி. ஞாயிறு ராத்திரி திரும்ப ரயில் ஏறினா, திங்கட்கிழமை காலையில ஆபீஸ்.

ஆனா, இந்த ரெண்டு நாள் ட்ரிப்ல பெரும்பாலானவங்க கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. விருபாக்ஷர் கோயிலுக்கு முன்னாடி, ரெண்டு பக்கமும் கல் மண்டபங்களோட நீளமா, காலியா ஒரு தெரு இருக்குல்ல? 'வாவ், எவ்ளோ அமைதி!'ன்னு வீடியோ எடுப்பீங்க. 2011 ஜூலை வரைக்கும் அந்தத் தெருவுல 300-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாழ்ந்துக்கிட்டு இருந்தாங்க.

அவங்க ஏன் இப்போ அங்கே இல்லை? அவங்களை அனுப்பினதால கல்லெல்லாம் பத்திரமாச்சா? இதுக்கெல்லாம் டூரிஸ்ட்டான உங்களுக்கு என்ன சம்பந்தம்? கொஞ்சம் பொறுமையாப் பார்ப்போம்.

முதல்ல ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக்

வரலாறு கிளாஸ் எடுக்கல, பயப்படாதீங்க. துங்கபத்ரா ஆற்றங்கரையில 1336-ல தொடங்கின விஜயநகரப் பேரரசோட தலைநகரம் இது. கிருஷ்ணதேவராயர் (1509 - 1529) காலத்துல உச்சத்துல இருந்துச்சு. அப்போ இங்கே வந்த போர்த்துக்கீசிய வணிகர் டொமிங்கோ பயஸ், ஊரோட அளவைப் பார்த்து ரோமோட ஒப்பிட்டு எழுதி வெச்சிருக்கார். 1565 ஜனவரியில நடந்த தலைக்கோட்டைப் போர்ல விஜயநகரம் தக்காணத்து சுல்தான்களின் கூட்டுப் படையிடம் தோற்றது. மாதக்கணக்குல நகரம் சூறையாடப்பட்டது. அரச குடும்பம் பெனுகொண்டாவுக்குப் போயிடுச்சு.

நமக்கும் இந்த ஊருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. திருவண்ணாமலை ராஜகோபுரத்தைக் கட்ட ஆரம்பிச்சது கிருஷ்ணதேவராயர்தான். மதுரை, தஞ்சாவூர், செஞ்சி நாயக்கர்கள் எல்லாருமே விஜயநகரத்தோட பிரதிநிதிகளா ஆட்சிக்கு வந்தவங்க. அதனால ஹம்பியில ஒரு மண்டபத்தூணைப் பார்க்கும்போது, 'இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே'ன்னு தோணினா ஆச்சர்யப்பட வேண்டாம். நீங்க வேலூர்லயோ மதுரையிலயோ பார்த்திருப்பீங்க.

இப்போ அங்கே 1,600-க்கும் மேற்பட்ட இடிபாடுகளும் கட்டடங்களும் மிச்சம் இருக்குன்னு யுனெஸ்கோ கணக்கு சொல்லுது. கோயில்கள், மண்டபங்கள், அரண்மனை மேடைகள், படிக்கிணறுகள், யானைக் கொட்டாரம், மசூதி, கால்வாய், கோட்டைச்சுவர்னு எல்லாமே இதுல அடக்கம். 1986-ல உலகப் பாரம்பரியச் சின்னம் அந்தஸ்து கிடைச்சது. யுனெஸ்கோ பட்டியல்ல இதோட பெயரே 'ஹம்பி நினைவுச்சின்னங்களின் தொகுதி'தான். கவனிச்சீங்களா? பெயர்ல சின்னங்கள் இருக்கு, ஊர் இல்லை. பின்னாடி வர்ற பாதிப் பிரச்னை இங்கேயே ஆரம்பிச்சிடுது.

பஜார் காலியான கதை

விருபாக்ஷர் கோயில் இன்னிக்கும் பூஜை நடக்குற கோயில். 1565-க்குப் பிறகும் வழிபாடு தொடர்ற இடம். அதுக்கு முன்னாடி இருக்கிற பஜார் தெரு, பேரரசுக் காலத்துலயே தேரோட்டத்துக்கும் வியாபாரத்துக்குமான தெரு. ரெண்டு பக்கமும் இருக்கிற மண்டபங்கள்ல கடைகள் இருந்திருக்கு.

பிற்காலத்துல ஏழைக் குடும்பங்கள் வந்து அதே மண்டபங்கள்ல குடியேறினாங்க. தூண்களுக்கு நடுவுல செங்கல் சுவர் வெச்சு வீடாக்கினாங்க. கோயிலுக்கு வர்ற பக்தர்களுக்குத் தேங்காய், பூ வித்தாங்க. வெளிநாட்டுப் பயணிகள் வர ஆரம்பிச்சதும் டீக்கடை, ரெஸ்டாரன்ட், புத்தகக்கடை, துணிக்கடை, சைக்கிள் வாடகைன்னு தெரு மாறிச்சு. சிலர் மாடி கட்டினாங்க. சிலர் மண்டபத்துப் பக்கத்துலயே புதுசா கான்கிரீட் போட்டாங்க.

தொல்லியல் துறையோட பார்வையில இது ஆக்கிரமிப்பு. நீதிமன்றமும் அப்படித்தான் பார்த்தது. 2011 ஜூலை 29-ம் தேதி புல்டோசர்கள் வந்தன. ரொம்பக் குறுகிய அவகாசம்தான் கொடுத்தாங்க. வீடும் கடையும் ஒரே இடத்துல இருந்ததால, பல குடும்பங்களுக்கு ஒரே நாள்ல ரெண்டும் போச்சு. பிறகு, ஹம்பியிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கட்டிராம்புராவுல மாற்று இடம் ஒதுக்கினாங்க. இதுக்காக அந்தக் குடும்பங்கள் வருஷக்கணக்கா அலைய வேண்டியிருந்தது.

4 கிலோமீட்டர்தானேன்னு தோணலாம். நமக்கு அது ஒரு ராபிடோ தூரம். ஆனா, கோயில் வாசல்ல வாழைப்பழம் வித்துப் பொழைக்கிறவங்களுக்கு வாசல்தான் முதலீடு. டூரிஸ்ட் நடந்துபோற வழியில வீடு இருந்தா, வீட்டம்மா போடுற இட்லியே வருமானம். அந்த வழியிலிருந்து விலகிட்டா, அதே இட்லிக்கு ஆள் இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

இதுல ரெண்டு அடுக்கு இருக்கு. ஒண்ணு, 1958-ம் வருஷத்து மத்திய தொல்லியல் சட்டம். இதை 2010-ல திருத்தினாங்க. மத்திய அரசு பாதுகாக்கிற எந்தச் சின்னத்தைச் சுத்தியும் முதல் 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது. அதுக்கு அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். ஒரு ஊருக்கு நடுவுல ஒரே ஒரு கோயில்னா, இந்தக் கணக்கு புரியும். ஆனா, ஊர் முழுக்க சின்னங்களா இருந்தா? ஒரு மண்டபத்தோட 300 மீட்டர் முடியுற இடத்துல அடுத்ததோட 300 மீட்டர் ஆரம்பிச்சிருக்கும். ஹம்பிக்காரர் ஒருத்தர் பொண்ணு கல்யாணத்துக்காக வீட்டுல கூடுதலா ஒரு ரூம் எடுக்கணும்னாலும், அது சட்டப் பிரச்னையாகிடும்.

ரெண்டாவது, கர்நாடக அரசு 2002-ல கொண்டுவந்த ஹம்பி உலகப் பாரம்பரியப் பகுதி மேலாண்மை ஆணையச் சட்டம். இந்த ஆணையத்தோட எல்லை சுமார் 236 சதுர கிலோமீட்டர். அதுல மையப்பகுதி மட்டும் சுமார் 42 சதுர கிலோமீட்டர். மொத்தம் 29 கிராமங்கள் இதுக்குள்ள வருது. இந்த 29 ஊர்லயும் வயல் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, திருவிழா இருக்கு, வளர்ற குடும்பங்கள் இருக்கு.

இந்தச் சட்டங்கள் தேவையே இல்லைன்னு சொல்ல முடியாது. தொண்ணூறுகள்ல ஆனெகுந்தி பக்கம் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்ட ஆரம்பிச்சப்போ, பாரம்பரியச் சூழலே கெட்டுப்போகுதுன்னு யுனெஸ்கோ 1999-ல ஹம்பியை 'ஆபத்தில் உள்ள' பட்டியல்ல சேர்த்தது. 2006-லதான் அதுலேர்ந்து வெளியே வந்தது. அந்தப் பாலம் முடியவே இல்லை. 2009 ஜனவரியில, மறுபடி வேலை நடந்துக்கிட்டு இருக்கும்போதே இடிஞ்சு விழுந்து, தொழிலாளர்கள் உயிரிழந்தாங்க.

இதையே அக்கரையில குடியிருக்கிறவங்க பக்கத்திலிருந்து யோசிச்சுப் பாருங்க. ஆத்துல வெள்ளம் வந்தா பரிசல் ஓடாது. ஆஸ்பத்திரிக்கோ காலேஜுக்கோ போகணும்னா சுத்திக்கிட்டு ரொம்ப தூரம் போகணும். அவங்களுக்குப் பாலம் வேணும். உலகத்துக்கு அந்தக் காட்சி கெடாம இருக்கணும். ரெண்டுமே நியாயமான ஆசைதான். ஆனா, ரெண்டையும் ஒரே மேசையில வெச்சுப் பேசி முடிவெடுத்ததா தெரியலை.

'ஹிப்பி ஐலண்ட்' ஞாபகம் இருக்கா?

கொஞ்சம் சீனியர் டிராவலர்ஸ்கிட்ட கேட்டா, கண்ணுல ஒரு ஏக்கத்தோட சொல்வாங்க. கோயிலுக்கு எதிர்க்கரையில இருக்கிற விருபாபுர கட்டே. நெல் வயல் ஓரமா குடில்கள், தரையில மெத்தை போட்ட கஃபேக்கள், கிட்டார் சத்தம். 'ஹிப்பி ஐலண்ட்'னு பெயரே வந்துடுச்சு. 2019-ல நியூயார்க் டைம்ஸ் 'போக வேண்டிய 52 இடங்கள்' பட்டியல்ல ஹம்பியை ரெண்டாவது இடத்துல வெச்சதும் கூட்டம் இன்னும் ஏறிச்சு.

அடுத்த வருஷமே கதை முடிஞ்சது. இந்தப் பகுதி 1988 அறிவிக்கையிலேயே பாதுகாக்கப்பட்ட பகுதியா இருக்குன்னும், ரெஸ்டாரன்ட்டும் ரிசார்ட்டும் அதை மீறிக் கட்டப்பட்டவைன்னும் 2020 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மார்ச் முதல் வாரத்துல இடிச்சு முடிச்சாங்க. அதே மாசக் கடைசியில கொரோனா லாக்டவுன். வேலை போன சமையல்காரரும், ரூம் கிளீன் பண்ற அக்காவும், பைக் வாடகைக்கு விட்ட பையனும் மறுபடி ஆரம்பிக்கக்கூட வழியில்லாம போச்சு.

சரி, சட்டம் ஜெயிச்சாச்சு. டூரிஸ்ட் வர்றது நின்னுச்சா? இல்லை. இடம் மட்டும் மாறிச்சு. கூட்டம் அதே கரையில இன்னும் உள்ளே, சானாபூர், ஆனெகுந்தி பக்கம் நகர்ந்தது. இப்போ நீங்க ஆன்லைன்ல 'ஹம்பி ஸ்டே'ன்னு தேடினா வர்ற பல இடங்கள் அந்தப் பக்கம்தான் இருக்கு. பலூனை ஒரு பக்கம் அமுக்கினா இன்னொரு பக்கம் உப்பும்ல, அதே கதைதான்.

உப்புற பக்கத்துல என்ன இருக்குங்கிறதுதான் கவலை. தெருவிளக்கு குறைவு. போலீஸ் ரோந்து குறைவு. எந்த ஹோம்ஸ்டேக்கு லைசென்ஸ் இருக்கு, எதுக்கு இல்லைன்னு புக் பண்றவங்களுக்குத் தெரியாது. 2025 மார்ச் மாசம் சானாபூர் பக்கத்துல கால்வாய்க்கரையில என்ன நடந்ததுன்னு நாடே பார்த்தது. ராத்திரி நட்சத்திரம் பார்க்க உட்கார்ந்திருந்த ஐந்து பேர் தாக்கப்பட்டாங்க. ரெண்டு பெண்கள் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க. கால்வாயில தள்ளப்பட்ட மூணு ஆண்கள்ல ஒருத்தர் இறந்துபோனார்.

அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பு அதைச் செஞ்சவங்க மட்டும்தான். இதுல யாருக்கும் சந்தேகம் வேண்டாம். 'அந்த நேரத்துல அங்கே ஏன் போனாங்க?'ன்னு கேட்கிற கமென்ட் செக்‌ஷன் அங்கிள்களுக்கு நம்மகிட்ட பதில் இல்லை. ஆனா, நிர்வாகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கலாம். ஒரு இடத்துல தொழிலை அனுமதிக்க மாட்டோம். ஆனா, அந்தத் தொழிலுக்கு ஆள் வர்றதை மட்டும் விளம்பரம் பண்ணி வளர்ப்போம். வருஷா வருஷம் அரசே உற்சவம் நடத்தி, ஜி-20 கூட்டம்கூட (2023) இங்கே நடத்தி, 'வாங்க வாங்க'ன்னு கூப்பிடுவோம். வர்றவங்க எங்கே பாதுகாப்பா தங்குவாங்கங்கிறதை மட்டும் நோட்டீஸ், சீல், இடிப்புன்னு தள்ளிப்போட்டுக்கிட்டே இருப்போம். இது எப்படிச் சரியா வரும்?

லைசென்ஸ் கிடைக்காத ஹோம்ஸ்டே ஓனர் போலீஸுக்குப் போன் பண்ண யோசிப்பார். சிசிடிவி வைக்க யோசிப்பார். கணக்குல வராத இடத்துல பாதுகாப்பும் கணக்குல வராது. சட்டவிரோதம்னு முத்திரை குத்தி ஒதுக்கி வெச்சா, அந்தத் தொழில் அழியாது. இருட்டுக்குள்ள போகும்.

ஆளை அனுப்பினாச்சு... கல் பத்திரமா?

இதுதான் முக்கியமான கேள்வி. ஏன்னா, எல்லாத் தியாகத்தையும் கேட்டது கல்லைக் காப்பாத்துறதுக்காகத்தான்.

2019 பிப்ரவரியில ஒரு வீடியோ வைரலாச்சு. சில இளைஞர்கள் ஒரு கோயில் வளாகத்துல நின்னுக்கிட்டிருந்த பழைய தூணைத் தள்ளி விழ வெச்சு, அதைப் படமும் எடுத்தாங்க. போலீஸ் நாலு பேரைக் கைது பண்ணாங்க. ஹொசபேட்டே நீதிமன்றம் ஆளுக்கு 70,000 ரூபாய் அபராதம் போட்டு, விழுந்த தூண்களை மறுபடி நிக்க வைக்கவும் சொன்னது. அவங்க தொல்லியல் துறை ஆட்களோட சேர்ந்து தூணைத் தூக்கி நிறுத்துற போட்டோவும் வந்தது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், அல்லது ரெண்டும் சேர்த்துக் கிடைக்கலாம்.

தண்டனை ஓகே. ஆனா, அவங்க தள்ளும்போது 'ஏய் தம்பி, என்ன பண்றே?'ன்னு கேட்க அக்கம்பக்கத்துல ஒரு ஆள் இல்லைங்கிறதையும் யோசிங்க. 42 சதுர கிலோமீட்டருக்கு எத்தனை காவலாளி போட முடியும்? மாடு மேய்க்கிறவர், இளநீர் விக்கிறவர், வயலுக்குப் போறவர்னு ஊர்க்காரங்க நடமாடினா அதுவே பாதி செக்யூரிட்டி.

அடுத்து, 2024 மே. பலத்த மழையில விருபாக்ஷர் கோயில் முன்னாடி இருக்கிற அதே பஜாரோட சாலு மண்டபத்துல ஒரு பகுதி சரிஞ்சு விழுந்தது. எந்த மண்டபங்களைக் காப்பாத்தணும்னு 2011-ல குடும்பங்களை வெளியேத்தினாங்களோ, அதே வரிசை. மக்கள் இருந்திருந்தா விழுந்திருக்காதுன்னு நான் சொல்ல வரல. அவங்க எழுப்பின சுவரும் போட்ட மாடியும்கூடத் தூண்களுக்குக் கேடு பண்ணியிருக்கலாம். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: ஆளை வெளியேத்துறது ஒரு நாள் வேலை, கட்டடத்தைப் பராமரிக்கிறது தினசரி வேலை. முதல் வேலைக்குக் காட்டின வேகம் ரெண்டாவதுல தெரியலை. 13 வருஷம் காலியா கிடந்த தெருவுல மழைத்தண்ணி எங்கே தேங்குது, எந்தத் தூண் சாயுதுன்னு பார்க்க நேரம் நிறையவே இருந்தது.

'அசல்'னா எது?

இன்னொரு சுவாரஸ்யம். 50 ரூபாய் நோட்டுல இருக்கிற கல்தேர், நிஜமா ஒரு கருடன் சந்நிதி. விட்டலர் கோயில் வளாகத்துல இருக்கு. 1856-ல கிரீன்லா என்கிற ஆங்கிலேய அதிகாரி எடுத்த போட்டோல அந்தத் தேர் மேல செங்கல் கோபுரம் ஒண்ணு தெரியும். இப்போ அது கிடையாது, பின்னாடி எடுத்துட்டாங்க. அதாவது, நோட்டுலயும் உங்க ரீல்லயும் இருக்கிற 'ஒரிஜினல்' ஹம்பியே ஒரு எடிட்டட் வெர்ஷன்தான்.

எந்தக் காலத்து ஹம்பியை நாம பாதுகாக்கிறோம்? 1520-ல இருந்ததா? அப்போ பஜார்ல கடையும் கூட்டமும் சத்தமும் இருந்தது. 1565-க்குப் பிறகு இடிஞ்சு கிடந்ததா? 2010-ல மண்டபத்துக்குள்ள தோசை சுட்ட ஹம்பியா? இப்போ இருக்கிற வெறிச்சோடின தெரு, வரலாற்றுல எந்தக் காலத்துலயும் அப்படி இருந்ததுன்னு சொல்ல முடியாது. அது நம்ம காலத்துல, டூரிஸ்ட் கண்ணுக்காகத் தயாரான காட்சி.

மதுரைக்காரங்களுக்கு இது புதுசில்ல

மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபம் ஞாபகம் வருதா? திருமலை நாயக்கர் கட்டினது. விஜயநகர மரபோட தொடர்ச்சி. பல தலைமுறையா அதுக்குள்ள தையல்காரங்க, பாத்திரக் கடைக்காரங்க, புத்தகக் கடைக்காரங்க, சாமி அலங்காரப் பொருள் விக்கிறவங்க இருந்தாங்க. சித்திரைத் திருவிழா டிரெஸ் தைக்கணும்னா ஊரே அங்கேதான் போகும். இப்போ அந்தக் கடைகளைப் பக்கத்துல குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்தியிருக்காங்க.

கடைகளை ஏன் மாத்தணும்னு கேட்டா, அந்தப் பக்கத்து நியாயமும் மதுரையிலயே இருக்கு. 2018 பிப்ரவரியில மீனாட்சி கோயிலுக்குள்ள கடைகள்ல பிடிச்ச தீ, வீரவசந்தராயர் மண்டபத்தையே நாசமாக்கிடுச்சு. பழைய கல் மண்டபத்துக்குள்ள ஒயரும் துணியும் பிளாஸ்டிக்கும் இருந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு அதுக்கு மேல பாடம் தேவையில்லை.

ஆனா, ஹம்பிக்கும் மதுரைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. குன்னத்தூர் சத்திரம் புதுமண்டபத்திலிருந்து நடக்கிற தூரம். அதே கோயில், அதே வாடிக்கையாளர், அதே தெருக்கூட்டம். கடை மாறினாலும் பொழப்போட வேர் அறுந்துபோகாது. வியாபாரிகளுக்கு அங்கேயும் குறைகள் இருக்கலாம். ஆனா, 'எங்கே மாத்துறோம்'ங்கிறது 'மாத்துறோமா, இல்லையா'ங்கிற அளவுக்கு முக்கியம்னு இந்த ரெண்டு ஊரையும் பக்கத்துல வெச்சா புரியும்.

அப்போ என்னதான் பண்ணலாம்?

'எல்லாரையும் திரும்ப மண்டபத்துக்குள்ள விட்டுடுங்க'ன்னு சொல்றது ரொமான்டிக்கா இருக்கும், நடைமுறைக்கு ஆகாது. 'கல்தான் முக்கியம், ஆளு அப்புறம்'னு சொல்றதும் 15 வருஷமா பார்த்தாச்சு. நடுவுல சில வழிகள் இருக்கு.

முதல்ல, ஹோம்ஸ்டே விஷயத்துல ஒளிவுமறைவு போகணும். எந்தக் கிராமத்துல எத்தனை அறை, எத்தனை அடி உயரம், கழிவுநீர் எங்கே போகணும்னு தெளிவா எழுதி, அதுக்குள்ள வர்ற ஊர்க்காரங்களுக்கு லைசென்ஸ் கொடுக்கணும். லைசென்ஸ் வாங்கினவங்க பட்டியல் புக்கிங் ஆப்ல தெரியுற மாதிரி இருக்கணும். மீறினா அபராதம் போடலாம். வருஷக்கணக்குல கண்டுக்காம விட்டுட்டு, ஒருநாள் திடீர்னு புல்டோசர் அனுப்புறது நிர்வாகம் ஆகாது.

ரெண்டாவது, பராமரிப்பு வேலையில உள்ளூர் ஆட்களைச் சேர்க்கணும். ஹம்பிக்குத் தனி தொல்லியல் வட்டம் 2020-ல கிடைச்சாச்சு (அதே அறிவிப்புலதான் நம்ம திருச்சிக்கும் புது வட்டம் கிடைச்சது). அதிகாரிகள் மாறிக்கிட்டே இருப்பாங்க. எந்த மண்டபத்துல எப்போ ஒழுகும்னு ஊர்ல பொறந்தவங்களுக்குத்தான் தெரியும். காவல், சுத்தம், வழிகாட்டி, கல் வேலைப் பயிற்சின்னு அந்த அறிவுக்குச் சம்பளம் கொடுங்க.

மூணாவது, முடிவெடுக்கிற மேசையில 29 கிராமத்து ஆட்களுக்கும் நாற்காலி போடுங்க. பாலமோ, பார்க்கிங்கோ, இடமாற்றமோ, தீர்ப்பு வந்த பிறகு தகவல் சொல்றதுக்கும், திட்டம் போடும்போதே கேட்கிறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

நீங்க போகும்போது...

கவர்ன்மென்ட் பண்றப்போ பண்ணட்டும். அடுத்த லாங் வீக்எண்ட்ல நீங்க பண்ணக்கூடியது இதெல்லாம்:

* ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி போன் போட்டு, 'லைசென்ஸ் இருக்கா, ராத்திரி அவசரம்னா யாரைக் கூப்பிடணும்?'னு கேளுங்க. பத்து பேர் கேட்டா, பதினொண்ணாவது ஆளுக்கு பதில் தயாரா இருக்கும்.

* விட்டலர் கோயிலோட இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்கத் தடை இருக்கு. கைடு 'ஒரே ஒரு தட்டு சார்'னு சொன்னாலும் வேண்டாம். எல்லாரும் ஒரே ஒரு தட்டுதான் தட்டுவாங்க. கல்லுக்குத்தான் அது லட்சம் தட்டு.

* கல்தேரைச் சுத்தித் தடுப்பு இருக்கு. நல்ல ஆங்கிள் வேணும்னா காலையில சீக்கிரம் போங்க. தடுப்பைத் தாண்டாதீங்க.

* தூண், மண்டபக்கூரை, மதில் மேல ஏறி ரீல் எடுக்காதீங்க. வெறும் சாந்தில்லாத கல் அடுக்குகள் பல இடத்துல இருக்கு. விழுந்தா கல்லுக்கும் சேதம், உங்களுக்கும் சேதம்.

* சாப்பாடு, ஆட்டோ, கைடு, பரிசல்னு முடிஞ்சவரைக்கும் ஊர்க்காரங்ககிட்ட வாங்குங்க. பேரம் பேசும்போது, அந்த ஆட்டோக்காரர் முன்னாடி எங்கே குடியிருந்தார்னு பேச்சுக் கொடுத்துப் பாருங்க. கைடு புக்ல இல்லாத வரலாறு கிடைக்கும்.

* துங்கபத்ரா அணையில தண்ணி திறந்தா ஆற்றுமட்டம் வேகமா ஏறும். புரந்தரதாசர் மண்டபமே முங்கிடும். ஆத்துல இறங்குறதுக்கு முன்னாடி பரிசல்காரர் சொல்றதைக் கேளுங்க.

கடைசியா ஒண்ணு. விருபாக்ஷர் கோயில் முன்னாடி அந்தக் காலித் தெருவுல நின்னு நீங்க வீடியோ எடுக்கத்தான் போறீங்க. எடுங்க, தப்பே இல்லை. ஆனா, கேப்ஷன்ல 'யாருமே இல்லாத மாயநகரம்'னு மட்டும் போடாதீங்க. அங்கே வாழ்ந்தவங்க 4 கிலோமீட்டர் தள்ளி, கட்டிராம்புராவுல இருக்காங்க. நேரம் இருந்தா அந்தப் பக்கமும் போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.